மொட்டைமாடியில் ஒரு கிளாஸ் தண்ணீர்

7.79. பேனா மாதிரி இருக்க பி.எச். மீட்டரைத் துடைச்சுட்டு மறுபடியும் முக்கிப் பாத்தேன், அதேதான். ஹால்ல நான் வச்சிருக்க பவளத்தொட்டித் தண்ணி, கண்ணுக்குப் பாத்தா தெளிவு, ஒரு தூசி கிடையாது, ஆனா புளிச்சுப் போய்க் கிடக்கு. நேத்துக் காலைல 8.2. ஏழு மாசமா 8.2, ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. நேத்து சாயங்காலம் மதுரைல இருந்து நாலு பேரு வந்து இறங்கினாங்க, ஒரு ராத்திரி என் ஹால்ல படுத்து எந்திரிச்சாங்க, விடிஞ்சா 7.79. என்னை விட்டுட்டு மக வீட்டுக்குப் போன என் பெண்டாட்டி ஹெப்சிபா, மக ஜெமிமா, மருமகன் டைட்டஸ், நாலு வயசுப் பேத்தி ஷாரன். நாலு பேரும் இப்ப ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போயிருக்காங்க, பத்தரைக்கு முன்னால வர மாட்டாங்க. எனக்குத் தலைவலின்னு சொல்லிட்டேன். தலைவலியும் இல்ல ஒண்ணும் இல்ல, மொட்டைமாடியில தண்ணி டேங்க் நிழல்ல ஒரு கிளாஸை வச்சு, அதுக்குள்ள ஒரு சின்னக் குழாயை விட்டு, காத்தடிக்கிற மோட்டாரைப் போட்டு, கொப்புளம் வர்றதைப் பாத்துக்கிட்டு அறுபத்திமூணு வயசுல குத்தவச்சு உக்காந்திருக்கேன். ஒரு மணி நேரம் கொப்புளம் விடணும். இப்ப எட்டு அம்பது. ஒம்பது அம்பதுக்கு அளந்து பாக்கணும். தண்ணி அப்படியே 7.79ல நின்னா கோளாறு தண்ணில. ஏறிச்சுன்னா கோளாறு வீட்டுக் காத்துல. அப்படி ஏறிச்சுன்னா, பதினோரு வருஷமா ஹெப்சி சொன்னது சரி. ஏறாது. நேத்து ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சுட்டு அவ சொன்னா, "நாளைக்கு ஆராதனை முடிஞ்சு வந்து சொல்லுதேன், இங்க இருக்கேனா, இவங்களோடயே திரும்பப் போறேனான்னு." அவ பை கதவுக்குப் பின்னால நிக்கி. ஜிப்பைத் திறக்கவே இல்ல. மாத்துச் சேலையை மக பைல இருந்து எடுத்துக் கட்டிட்டுப் போயிருக்கா.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் சென்னைல இருக்க கார்மேகம்னு ஒருத்தன். நேர்ல பாத்தது கிடையாது, பவளத்தொட்டி வச்சிருக்கவங்க வாட்ஸப் குரூப்ல பழக்கம், வயசு முப்பது இருக்குமா, எனக்குப் புத்தி சொல்லுதான். ஏழு மாசமா என் தண்ணி அசையாம நிக்கிறதை படம் படமா எடுத்து குரூப்ல போட்டேன். நல்லா இருந்தா போடத்தானே செய்வாங்க. எல்லாரும் சூப்பர் சார், சூப்பர் சார்னாங்க. புது உப்பு மாத்தினேன், பொறுமையா இருந்தேன், அதான் ரகசியம்னு பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். கார்மேகம் மட்டும் தனியா போன் பண்ணி, "சார், தப்பா நினைக்காதீங்க, வீட்ல ஆள் குறைஞ்சுட்டாங்களா?"ன்னு கேட்டான். போனை வச்சுட்டேன். வேற என்ன செய்ய, எவனோ ஒருத்தன் மெட்ராஸ்ல உக்காந்துட்டு என் வீட்டு ஆளை எண்ணுதான். அப்புறம் அவனே குரல் பதிவு அனுப்பினான், பவ்யமா. மூடின ரூம்ல மனுஷங்க மூச்சு விட விட அந்தக் காத்து தண்ணில இறங்கும் சார், தண்ணி புளிக்கும், ஆள் ஜாஸ்தி இருக்கப்போ ஒரு கிளாஸ் தண்ணியை வெளிய எடுத்துட்டுப் போய் ஒரு மணி நேரம் கொப்புளம் விட்டுப் பாருங்கன்னு. ஆள் ஜாஸ்தி இருக்கப்போ. ஏழு மாசமா இந்த வீட்ல ஆள் ஜாஸ்தியாவே இல்லியே, நான் எங்க போய்ப் பாக்க. நேத்து வந்தாங்க. நேத்துதான் வந்தாங்க, அதுவும் ஒரு ராத்திரிக்கு. அதுக்குள்ள நான் அவளைப் பாக்கணுமா, தண்ணியைப் பாக்கணுமா. தண்ணியைத்தான் பாத்தேன். காலைல அஞ்சு மணிக்கு ஹால்ல நாலு பேரும் தூங்கிட்டுக் கிடக்கப்போ கால் மேல படாம தாண்டித் தாண்டிப் போய் நம்பரைப் பாத்தேன். அவ முழிச்சுக்கிட்டு இருந்தா. என்னையே பாத்தா, நான் தொட்டியைப் பாத்துட்டு மறுபடியும் தாண்டித் தாண்டி வந்துட்டேன்.

எனக்கா தண்ணியைப் பத்தித் தெரியாது. முப்பத்தோரு வருஷம் உரக் கம்பெனில பாய்லர் தண்ணி பாத்தவன் நான். பாய்லர் தண்ணி லேசா புளிச்சாலும் குழாய் அரிச்சுடும், என் கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு உள்ள போகாது. ரிட்டையராகுறதுக்கு ஆறு வருஷம் முன்னால ஒரு நாள் சினேகிதன் வீட்ல பவளத்தொட்டியைப் பாத்தேன், பித்துப் பிடிச்சுப் போச்சு. தூத்துக்குடில கடல் ரெண்டு கிலோமீட்டர்ல கிடக்கு, இந்த மாடில நின்னாலே தெரியும், அந்தா உப்பளத்துக்கு அந்தாண்ட நீலமா ஒரு கோடு. ஆனா அங்க ஒரு பவளத் துண்டைத் தொட்டா ஜெயிலுக்குப் போகணும். அதனால எங்கயோ வெளிநாட்டுப் பண்ணைல வளத்ததைத் தாளோட வரவழைச்சு, உப்பு ஊரே விக்கிற ஊர்ல பாக்கெட் உப்பு வாங்கிக் கரைச்சு, ஹால்ல ஒரு கடலைச் செஞ்சேன். ஹெப்சி சிரிச்சா அன்னைக்கு. "கருவாட்டுக் கடைக்காரன் வீட்ல டப்பா மீனா"ன்னு கேட்டா. அப்பல்லாம் சிரிப்பா. தொட்டிக்கு ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு பி.எச்., தண்ணி புளிப்புப் பக்கம் சாயுதா காரம் பக்கம் சாயுதான்னு சொல்லும். இன்னொண்ணு ஆல்கலினிட்டி. அது தண்ணியோட பொறுமை. எவ்வளவு புளிப்பு வந்து விழுந்தாலும் அசையாம தாங்குற சக்தி. அதை அளக்குறது ஒரு வேடிக்கை. தண்ணில நீல மருந்தை விட்டுட்டு, அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விடணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நீலமாவே இருக்கும். ஏழு, எட்டு, நீலம்தான். இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நினைப்போம். அடுத்த சொட்டுல பட்டுனு மஞ்சளாயிரும். அப்புறம் என்ன செஞ்சாலும் மஞ்சள்தான். ஜெமிமா போன்ல ஒருநா, "அம்மா திடீர்னு இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் நினைக்கவே இல்லப்பா"ன்னா. திடீர்னு இல்லட்டி. எண்ணிக்கிட்டே வந்திருக்கணும்.

அவ இங்க இருந்தப்போ பி.எச். இறங்கும், எல்லா விடியக்காலமும் இறங்கும், 7.8, 7.75. மத்தவன்னா பதறுவான், நான் பாய்லர்காரன், தண்ணில கோளாறுன்னா தண்ணிக்கு மருந்து. ஆப்பச் சோடாவை வறுத்துப் போட்டா தண்ணி காரமாகும். கிறிஸ்துமஸுக்குக் கேக் போட ஹெப்சி வச்சிருந்த ஓவன் அடுப்பைத்தான் எடுத்தேன், சோடாவை அதுல பரப்பி ஒரு மணி நேரம் சுட்டுப் பொடி பண்ணி டப்பால போட்டு வச்சேன். அதுக்கப்புறம் அந்த ஓவன்ல அவ கேக் போடல. நான் ஒண்ணும் போடாதன்னு சொல்லலியே. பொடியைக் கரைச்சு ஊத்துவேன், நம்பர் ஏறும், மனசு குளுந்துரும். ராத்திரி படுப்போம், விடிஞ்சா மறுபடியும் 7.8. மறுபடியும் ஊத்துவேன். பி.எச். ஏறல, ஆல்கலினிட்டி மட்டும் எட்டு, பத்து, பன்னெண்டு, பதிமூணுன்னு ஏறிட்டே போச்சு, மான்கொம்புப் பவளத்தோட நுனியெல்லாம் வெந்து வெள்ளையாப் போச்சு. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சிருக்கேன்னு இப்ப சொல்லலாம். அன்னைக்குத் தோணல. அன்னைக்குத் தோணுனதெல்லாம், இந்த வீட்ல யாரோ என்னத்தையோ பண்ணுதாங்க. கொசுவத்தி கூடாதுன்னேன். சரின்னா. பினாயில் கூடாதுன்னேன். சரி. மீன் பொரிக்கிற புகை, பவுடர், மருதாணி எண்ணெய், ஒண்ணொண்ணா நிறுத்தினேன், ஒண்ணொண்ணுக்கும் சரி. தூத்துக்குடிக்காரிக்கு மீன் பொரிக்காத வீடு. அப்புறம் வியாழக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் எங்க ஹால்ல பெண்கள் ஜெபக் கூட்டம், எட்டு ஒம்பது பேரு வருவாங்க, ரெண்டு மணி நேரம் பாட்டும் ஜெபமும். வெள்ளிக்கிழமை காலைல 7.68. ஒரு வாரம் இல்ல, எல்லா வெள்ளிக்கிழமையும். நோட்டுல கோடு போட்டு வரைஞ்சு ஹெப்சிட்ட காட்டினேன், கோர்ட்டுல சாட்சி காட்டுற மாதிரி. "உன் சினேகிதிங்க தலை எண்ணெயும் செண்டும் தண்ணில இறங்குது, வேற வீட்ல வச்சுக்கோ"ன்னேன். அவ அந்த நோட்டை ரொம்ப நேரம் பாத்தா. "இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்லதாங்க நடக்கு"ன்னா. பாத்தியா, அதுக்கும் கடைசில சரின்னுட்டா. செண்டும் இல்ல, எண்ணெயும் இல்ல. கார்மேகம் சொல்லுறது சரின்னா, அது பாட்டு. ஒம்பது பொம்பளைங்க நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்துப் பாடினது. கார்மேகம் சொல்லுறது சரியா இருக்காது.

ஒம்பது பத்து. கொப்புளம் வந்துக்கிட்டு இருக்கு. ஆராதனை ஒலிபெருக்கில பாட்டு கேக்கு, காத்து இந்தப் பக்கம் திரும்புனா நல்லாக் கேக்கு. அதுல ஹெப்சி குரல் தெரியுமான்னு காதைக் குடுத்தேன், முந்நூறு பேருல எங்கிட்டுத் தெரிய. அவளுக்குப் பாட்டுல ஒரு இடத்துல மூச்சு நிக்காது, நடுவுல விட்டுட்டு வாயை மட்டும் அசைப்பா. "மூச்சு முட்டுதுங்க." அதைத்தான் சொல்லிட்டே இருந்தா. முதல்ல கேட்டது, "கொஞ்சம் ஜன்னலைத் திறக்கட்டுமா"ன்னு. ஏசி ஓடுது, தண்ணிச் சூடு முப்பது டிகிரி தாண்டினா பவளம் செத்துரும், தூசி வரும், உப்புக்காத்து வரும், முடியாதுன்னேன். நாலு ஜன்னலுக்கும் ஓரத்துல டேப் ஒட்டினேன், பார்சல் ஒட்டுற பிரவுன் டேப். வீட்ல ஏசி அந்த ஒரு ஹால்லதான், தொட்டிக்குப் போட்டதுல நாங்களும் படுத்துக்கிட்டோம். நான் நல்லாத் தூங்கினேன். அவ எந்திரிச்சு உக்காந்திருப்பா. டாக்டர் ஆஸ்துமா மாதிரி இருக்குன்னு ஒரு பம்ப் குடுத்தாரு. அதை அடிக்கிற சத்தம் தொட்டி மோட்டார் சத்தத்தோட சேந்துரும், எனக்குக் கேக்காது. மதுரை போய் ஜெமிமா வீட்ல ஜன்னலைத் திறந்து போட்டுப் படுத்த ரெண்டாவது மாசம் அந்த பம்பைத் தொடவே இல்லியாம். ஜெமிமா சொன்னா. நான், "அங்க தூசி கம்மி"ன்னேன். மதுரைல. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம், என் கதை அதுதான், முப்பத்தோரு வருஷ சர்வீஸோட. அதுலயும் கேவலம் என்னன்னா, இதை நான் கையாலயே செஞ்சிருக்கேன். ஜெமிமா எட்டாம் வகுப்புல சயின்ஸ் எக்ஸிபிஷன்னு வந்து நின்னா, நான்தான் ஆய்வுக்கூடத்துல இருந்து நீல மருந்து கொண்டு வந்தேன். ஒரு கிளாஸ் தண்ணி, ஒரு ஸ்ட்ரா. ஊதுட்டின்னேன். கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதினா, நீலம் மஞ்சளாச்சு. மூச்சுக் காத்து தண்ணியைப் புளிக்க வைக்கும்னு அட்டைல பெரிய எழுத்துல எழுதிக் குடுத்தது நான். ஹெப்சியும் ஊதிப் பாத்தா, எங்களோட சேந்து, கைகொட்டிச் சிரிச்சா. ஜெமிமாவுக்கு முதல் பரிசு குடுத்தாங்க. எனக்கு அது மறந்துபோச்சு. ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டு வீட்ல ஜன்னலை ஒட்டினேன்.

மே மாசம் ஒரு காலைல, ஜன்னலை மூடினேன். அவ்வளவுதான் நடந்தது. அதுக்குப் போய் ஒரு மனுஷி முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தை விட்டுட்டு பஸ் ஏறுவாளான்னு எல்லார்ட்டயும் கேட்டேன், என் அக்காட்ட கேட்டேன், ஐயர்வாள்ட்ட கேட்டேன், சபைப் போதகரைத்தான் நாங்க ஐயர்வாள்னு சொல்லுவோம், அவரும் தலையை ஆட்டினாரு. ஜன்னலைத்தானே மூடினேன். ஒம்பது இருபத்தஞ்சு. எட்டிப் பாத்தேன், மீட்டரைப் போடல, முழுசா ஒரு மணி நேரம் ஆகட்டும், நடுவுல பாத்தா மனசு அலையும். வெயில் கிளாஸ் பக்கம் நகருது, கிளாஸை உள்ள தள்ளி வச்சேன். சூட்டுலயும் நம்பர் மாறும்னு யாரும் சொல்லிறக் கூடாது. யாரு சொல்லப் போறா, நான்தான் சொல்லுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா. அதனாலதான் அதே தண்ணில இன்னொரு கிளாஸ் ஹால்லயும் வச்சு, அங்கயும் ஒரு மோட்டார் போட்டுட்டு வந்திருக்கேன். ரெண்டுலயும் ஒரே கொப்புளம், காத்து மட்டும் வேற. ஆய்வுக்கூடத்துப் பழக்கம், பொய் சொல்லித் தப்பிக்க வழி வைக்கப்படாது. ஜன்னலை மூடினேன். அவ என்ன செஞ்சிருந்தான்னா, விடிய நாலு மணி, டேப்பை நகத்தால பேத்து, ஜன்னல் கதவை ரெண்டு விரல் அளவு திறந்து, அந்த இடுக்குல முகத்தை வச்சுக்கிட்டு நின்னா. நெத்தியும் மூக்கும் வெளிய. கண்ணு மூடியிருந்தது. நான் எந்திரிச்சுப் போனேன். ஏட்டின்னு கூப்பிடல, திட்டல. கையை அவ கன்னத்துல வச்சு முகத்தை ஓரமாத் தள்ளிட்டு, கதவை மூடினேன். டேப்பை மறுபடி அழுத்தித் தேச்சேன். கதவு மூடுறதுக்கு வழில இருக்க திரைச்சீலையை விலக்குற மாதிரி விலக்கினேன் அவளை. இதை அக்காட்ட சொல்லல. ஐயர்வாள்ட்டயும் சொல்லல. அவளும் யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டா, சொல்லியிருந்தா ஜெமிமா என்கூடப் பேசியிருக்க மாட்டா. அதுதான் மஞ்சளான சொட்டு. நேத்து சாயங்காலம் வேற, பேத்தி தொட்டிக் கண்ணாடில வாயை வச்சு ஊதி, அந்தப் புகைல விரலால கோடு போட்டா. "மூச்சு விடாத அது மேல"ன்னு அதட்டிட்டேன். பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டுப் பின்னால போச்சு. ஹெப்சி சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்தா. அவ கை தன்னால கன்னத்துக்குப் போச்சு. போச்சா, எனக்குத்தான் அப்படித் தோணுச்சா, தெரியல.

ஏறக் கூடாது ஆண்டவரே. இப்படியும் ஒரு ஜெபம், அதுவும் ஞாயித்துக்கிழமை, ஒரு கிளாஸ் உப்புத்தண்ணி முன்னால. ஏறலன்னா நான் நல்லவன்னு ஆகாது, ஆனா நான் முட்டாள் இல்லன்னு ஆகும், அது போதும் எனக்கு, இந்த வயசுல அதுக்கு மேல என்ன கேக்க. ஏறலன்னா நான் இறங்கிப் போய், இங்க பாருட்டி, வீட்டுக் காத்துல கோளாறு இல்ல, உனக்குத்தான் உடம்பு சரியில்லன்னு சொல்லலாம். சொன்னா அவ போயிருவா. ஏறிச்சுன்னா என் தப்புன்னு சொல்லணும். சொன்னா ஒருவேளை இருப்பா. அப்ப நான் என்னத்துக்கு ஏறக் கூடாதுன்னு கேக்கேன். எனக்கு அவ வேணுமா, நான் சொன்னது சரியா இருக்கணுமா. ஒம்பது நாப்பத்தெட்டு. ரெண்டு நிமிஷம். பாட்டு நின்னு போச்சு, பிரசங்கமும் முடிஞ்சிருக்கும். ஏழு மாசமா நான் பின்னறைல படுக்கேன், ஹால்ல ஏசி குளிருதுன்னு சொல்லிக்கிட்டேன். குளிரெல்லாம் இல்ல, அவ படுத்த இடம் காலியாக் கிடக்கதைப் பாக்க முடியல. அந்த ஹால்ல ஒரு மூச்சும் இல்ல. அதான் 8.2. நான் அதைத்தான் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டியிருக்கேன். மீட்டரை எடுத்தேன், முக்கினேன். 7.9, 8.03, 8.11, மெள்ள மெள்ள, 8.17. நின்னுச்சு. துடைச்சுட்டு மறுபடியும். 8.17. படி இறங்கினேன், முட்டி வலிக்க வலிக்க, ஹால்ல இருந்த கிளாஸ்ல முக்கினேன். 7.80. அதே தண்ணி, அதே கொப்புளம். தொட்டில மீன் ரெண்டும் அது பாட்டுக்குச் சுத்துது.

டேப்பைப் பிடிச்சு இழுத்தேன். பதினோரு வருஷப் பசை, வர மாட்டேங்கு, நகம் போச்சு, கத்தியை எடுத்துட்டு வந்து கீறினேன். ஹெப்சி ஜன்னல், அவ முகத்தை வச்ச ஜன்னல், அதைத்தான் முதல்ல. சொல்ல வேண்டியதை மனசுல அடுக்கி வச்சேன், ஒரு வரிதான், நீ மூச்சு விடணும்னுதான் திறக்கேன், நீ சொன்னது சரி. சின்ன வரி. கதவு கிறீச்சுனு திறந்து, வெளிக்காத்து சூடா உப்பு வாசத்தோட மூஞ்சில அடிக்கவும், வாசல்ல கார் வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. ஹெப்சிதான் முதல்ல உள்ள வந்தா, கைல வேதப்புத்தகம். பின்னால ஜெமிமா, டைட்டஸ் தோள்ல பிள்ளை. ஹெப்சி ஜன்னலைப் பாத்தா. கத்தியோட நிக்கிற என்னைப் பாத்தா. அவ முகத்துல ஒண்ணு வந்துச்சு, நான் ரொம்ப நாளா பாக்காதது, கேக் போடுற நாள்ல வருமே, அது. "என்னங்க, ஜன்னலைத் திறந்திருக்கீங்க"ன்னா, மெதுவா. மக நிக்கா, மருமகன் நிக்கான். அவங்க முன்னால அந்தச் சின்ன வரி வரல. நான் கையைத் தொட்டிப் பக்கம் காட்டி, "தண்ணிக்கு. பி.எச். இறங்கிப்போச்சு, வெளிக்காத்து வேணும்"ன்னேன்.

"தண்ணிக்கா"ன்னா. கேள்வி மாதிரிகூட இல்ல. "நான் கேட்டப்போ தூசி வரும்னீங்க." வந்தது போயிருச்சு அவ முகத்துல இருந்து. கதவுக்குப் பின்னால போய் பையை எடுத்தா, ஜிப் மூடினபடியே. டைட்டஸ் வாங்கிக்கிட்டான். ஜெமிமா, "சாப்பிட்டுட்டுப் போவோம்மா"ன்னா, அவ, "வழில சாப்பிடுவோம் ஜெமி, வெயிலுக்கு முன்னால போயிரலாம்"னா. என்ட்ட வந்து, "மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க"ன்னா. நான் சரின்னேன். பிள்ளை வாயை மூடிக்கிட்டே எனக்கு டாட்டா காட்டிச்சு. கார் போச்சு. நான் மத்த மூணு ஜன்னலையும் கீறித் திறந்தேன், பிரவுன் டேப் தரையெல்லாம் கிடந்துச்சு, அப்புறம் தொட்டி முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். 7.84. 7.9. சாயங்காலம் நாலு மணிக்கு 8.2 ஆயிட்டு. ஜன்னலைத் திறந்ததால ஏறிச்சா, அவங்க போனதால ஏறிச்சா, ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துபோச்சு, அதைப் பிரிச்சுப் பாக்க இனிமே எந்தக் கிளாஸும் இல்ல. நோட்டை எடுத்து தேதி போட்டு 8.2ன்னு எழுதினேன்.